கைவைத்த என்ஜின் கக்கும் புகை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இன்றைய பெட்ரோல் காரின் புகைக் கட்டுப்பாடு முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நஞ்சுகளையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒருசேர முறிக்கிறது. சூடேறிய நல்ல கன்வர்ட்டர் 90 விழுக்காட்டுக்கு மேல் முறித்துவிடும். ஆனால் கலவை அந்த விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஆக்சிஜன் சென்சார் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து சொல்ல, ஈசியூ என்னும் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பாய்ச்சுகிறது.

ஈசியூவின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, பெட்ரோலை அதிகம் பாய்ச்சினால் இழுவை கூடும்; காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பெருகும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதன் உட்கூடே உருகிவிடலாம். மாறாக, கலவையில் காற்று சற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். தீப்பொறியை முன்கூட்டி விழவைத்தாலும் எரிவெப்பம் ஏறி அதே வாயு பெருகும். புகையைத் தடையின்றி வெளிவிடும் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சருக்காகக் கன்வர்ட்டரையே கழற்றிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். மூன்று நஞ்சுகளும் அப்படியே தெருவுக்கு வருகின்றன. ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றுவதால் பெரிய கெடுதல் இல்லை. சென்சார் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

டீசல் காரில் கண்ணை நம்ப முடியாது. புகையில் ஒரு பங்கை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பி எரிவெப்பத்தைத் தணிப்பது இஜிஆர் வால்வு. கரி அடைக்கிறது என்று அதை அடைத்துவிட்டால் கரும்புகை குறையக்கூட வாய்ப்புண்டு. வண்டி சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில், நுரையீரலைத் தாக்கும் நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாமல் பல மடங்காகியிருக்கும். கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டரைக் கழற்றினாலோ நுண்துகளும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கெடுதலின் அளவைக் காட்டியது அமெரிக்கா. இத்தகைய கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்ட டீசல் பிக்கப் வண்டிகள் பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகம் என்றும், அவை தம் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல் என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது.

இந்தியாவில் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் புகைப் பரிசோதனை நிலையத்தில் பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும் பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு அங்கே அளக்கப்படுவதில்லை. இஜிஆர் அடைத்த வண்டியும் சான்றிதழோடு வெளியே வந்துவிடலாம்.