பொகலூசாவில் ஒரு வீடு

ஊர்ப் பெருமைகளை வீதியோரப் பலகைகளிற் பொறித்து நிறுத்தும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. படைத்தலைவரும் பெருந்தனவந்தருமே அவற்றிற் பெரும்பாலும் இடம்பெறுவர். லூயிசியானா மாநிலத்துப் பொகலூசா நகரில் நாம் வாசகர்க்குக் காட்ட விரும்பும் நினைவுப் பலகையோ, ஓர் ஆலைத் தொழிலாளியின் எளிய வீட்டின் முன்னே நிற்கின்றது.

பொகலூசா மரத்தாற் பிறந்த ஊர். பபலோ நகரத்துச் செல்வர்களான குட்இயர் சகோதரரின் கம்பனி, 1906 ஆம் ஆண்டளவில், பைன் காட்டின் நடுவே அதனை எழுப்பத் தொடங்கியது. 1908 இல் இயங்கத் தொடங்கிய 'கிரேட் சதேண்' மர ஆலை, உலகிலேயே மிகப் பெரியதெனப் பேர்பெற்றது. ஒரு நாளில் பத்து லட்சம் பலகையடி மரம் அறுக்க வல்லது. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள துண்டே ஒரு பலகையடி என்பதை மாணவர்கள் நினைவிற் கொண்டால், அந்தக் காடு மறைந்த வேகம் விளங்கும். குடியிருக்கும் வீடும் பொருள் வாங்கும் கடையும் கம்பனியுடையனவே. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் குடியிருப்புகள் வேறு வேறாக வகுக்கப்பட்டிருந்தன.

அந்த வேலியைத் தாண்டித் தொழிலாளர் 1919 இல் ஒன்றுசேர முயன்றனர். கறுப்பினச் சங்கத் தலைவரான சோல் டேக்கஸ் என்பவரைப் பிடிக்க ஆயுதக் கும்பல் தேடியலைந்தது. நவம்பர் 22 ஆம் நாள், வெள்ளைத் தொழிலாளர் இருவர் துப்பாக்கியேந்தி அவருக்குக் காவலாக நடுவீதியில் நடந்து வந்தனர். கம்பனியின் சார்பில் நின்ற கும்பல், வெள்ளையரின் சங்கத் தலைவரது மோட்டார் கராச்சைச் சூழ்ந்து சுட்டது. மாண்ட நால்வரும் வெள்ளையர். டேக்கஸ் தப்பிச் சென்றார்.

வெட்டிய காட்டிலே கம்பனி பின்பு கன்றுகள் நட்டது. அது பாராட்டுக்குரிய செயலே. எனினும் 1938 இல் மர ஆலை மூடப்பட்டது. காகித ஆலை எஞ்சி நின்றது. அங்கும் தொழிற்சங்கங்கள் நிறத்தால் இரண்டாகவே இருந்தன.

அந்தக் காகித ஆலையில் உழைத்தவர்தாம் றொபேட் ஹிக்ஸ். 1965 பெப்ரவரி முதலாம் நாளிரவு, குடியுரிமை இயக்கத்து வெள்ளை இளைஞர் இருவர் அவர் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தனர். அவர்களை வெளியேற்றாவிடின் பெருங்கும்பல் திரண்டு வருமென்று நகரப் பொலிஸ் தலைவரே நேரில் வந்து எச்சரித்தார். ஹிக்ஸ் இணங்கவில்லை. மனைவியார் நண்பர்களுக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னார். அவர்கள் துப்பாக்கிகளுடன் வந்து காவலிருந்தனர். கும்பல் வரவில்லை. அதே மாதத்தில், முந்திய ஆண்டு ஜோன்ஸ்பரோவில் உருவாகியிருந்த 'டீக்கன்மார்' என்னும் தற்காப்புச் சங்கத்தின் கிளையொன்று பொகலூசாவிலும் அமைந்தது. உயிர்கொடுத்தும் எதிர்த்தடியாமையைப் போதித்த தலைவர்கள் வாழ்ந்த காலத்திலே இது பலத்த விவாதத்தைக் கிளப்பியது. காவல் செய்யவேண்டியோரே கைவிட்டபின் அம்மனிதர் வேறென்ன செய்திருக்கக்கூடும் என்று கேட்கவே நமக்குத் தோன்றுகின்றது.

ஹிக்ஸ் துப்பாக்கியோடு நிற்கவில்லை, நீதிமன்றத்தையும் நாடினார். ஊர்வலம் செல்வோரைப் பொலிசார் பாதுகாத்தே தீரவேண்டும் என 1965 யூலையில் சமஷ்டி நீதிபதி கட்டளையிட்டார். ஆலையிற் பதவியுயர்வு முறையில் இருந்த நிற வேற்றுமையும் பின்னர் வழக்கினாலேயே தகர்ந்தது.

ஹிக்ஸ் 2010 இல் காலமானார். அவர் வாழ்ந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. வீடு தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டில் உள்ளது. 1965 யூன் 2 ஆம் நாள், அயலூரான வர்னாடோவில், அப்பகுதியின் முதற் கறுப்பினக் காவலதிகாரிகளில் ஒருவரான ஓனீல் மூர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த தோழர் ஒரு கண்ணை இழந்தார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.