குழந்தையின் கழுத்தில் நெறிக்கட்டி: காத்திருக்க வேண்டியது எது, காட்ட வேண்டியது எது?

நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி விளையாடும் குழந்தையின் கழுத்திலோ காதுக்குப் பின்னாலோ பட்டாணி அளவில் தட்டுப்படும் நெறிக்கட்டி பெரும்பாலும் நோயல்ல. அது நிணநீர்க் கணு. கிருமிகளை எதிர்க்கும் வேலை உடலில் நடக்கும் இடங்களில் ஒன்று. எந்த நோயும் இல்லாத குழந்தைகளைப் பரிசோதித்தாலும் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கழுத்தில் இத்தகைய கணுக்கள் கைக்குத் தட்டுப்படும். ஆனாலும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு நாள் விரலில் உருளும் அந்தச் சிறு கட்டி பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் நிறைந்த சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக்கு ஓமலூர், ராசிபுரம், நாமக்கல் பக்கமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: இது புற்றுநோயாக இருக்குமோ? கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எத்தனை நாளாக இருக்கிறது, குழந்தை எப்படி இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு அநேகமாக விடை கிடைத்துவிடும்.

கணு ஏன் வீங்குகிறது?

ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் திசுக்களில் தேங்காமல், நிணநீர்க் குழாய்கள் வழியாக மீண்டும் ரத்தத்தில் சேர்கிறது. அது போகும் பாதையில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு, மார்பு என உடலெங்கும் சுமார் 600 கணுக்கள் இருக்கின்றன. நிணநீரோடு வரும் கிருமிகளைக் கணுவில் உள்ள வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, அவற்றை எதிர்க்கப் பல்கிப் பெருகுகின்றன. அந்தப் பெருக்கம்தான் வெளியே வீக்கமாகத் தெரிகிறது.

பிறந்த குழந்தையிடம் கணுக்கள் பொதுவாகக் கைக்குத் தட்டுப்படாது. வெளியுலகக் கிருமிகளை ஒவ்வொன்றாகச் சந்திக்கச் சந்திக்க அவை வளர்கின்றன. பள்ளி வயதில் உச்சத்தை எட்டி, பதின்ம வயதுக்குப் பிறகு சுருங்குகின்றன. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ போகத் தொடங்கிய ஆண்டில் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். ஒரு சளிக்கு வீங்கிய கணு வடிவதற்குள் அடுத்த சளி வந்துவிடுவதால், மாதக்கணக்கில் கட்டி அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். மெலிந்த குழந்தைகளிடம் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதால், கழுத்தைத் திருப்பினாலே கணு கண்ணுக்குத் தெரியும்.

இடம் சொல்லும் காரணம்

ஒவ்வொரு கணுவும் உடலின் ஒரு பகுதியிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுகிறது. ஆகவே கட்டி இருக்கும் இடமே காரணத்துக்கு வழிகாட்டும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் உள்ளவை தலைத்தோலுக்கு உரியவை. பேன், பொடுகு, சிரங்கு, சித்திரை வெயிலில் வரும் வேனல் கட்டி எல்லாம் இவற்றை வீங்க வைக்கும். குலதெய்வக் கோயிலில் முடி இறக்கியபோது பட்ட சிறு சவரக் கீறலும் காரணமாகலாம். முன்பே இருந்த கணு மொட்டை அடித்த பிறகு புதிதாகக் கண்ணில் படுவதும் உண்டு.

தாடைக் கோணத்துக்குக் கீழே இருப்பது டான்சிலையும் தொண்டையையும் சார்ந்தது. தாடைக்கு அடியில் இருந்தால் சொத்தைப் பல்லையும் வாய்ப்புண்ணையும் தேட வேண்டும். அக்குள் கணுவுக்குக் கையில் பட்ட காயமோ பூனைக் கீறலோ காரணமாக இருக்கலாம். தொடை இடுக்குக் கணுவுக்குக் கால் காயமும் பூச்சிக்கடியும் காரணங்கள்.

காறை எலும்புக்கு, அதாவது கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ள எலும்புக்கு, மேலே உள்ள குழியில் தட்டுப்படும் கட்டி மட்டும் விதிவிலக்கு. மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உள்ள கோளாறை அது காட்டக்கூடும் என்பதால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவும் தன்மையும்

கழுத்திலும் அக்குளிலும் 1 சென்டிமீட்டர் வரையிலும், தொடை இடுக்கில் 1.5 சென்டிமீட்டர் வரையிலும் உள்ள கணுக்கள் குழந்தைகளிடம் இயல்பானவை. முழங்கையின் உட்புறத்தில் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 2 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை எட்டினால் பரிசோதனை தேவை.

மருத்துவர் விரல் நுனிகளால் கணுவை மெல்ல உருட்டிப் பார்க்கிறார். மிருதுவாக, வழுக்கி நகர்ந்தால் நல்லது. தொட்டால் வலித்து, மேல்தோல் சிவந்து சூடாக இருந்தால் பாக்டீரியா தொற்று. கல்போல் இறுகி, அடித்திசுவோடு ஒட்டி நகராமல் இருந்தாலோ, பல கணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து திரண்டிருந்தாலோ மேலே ஆராய வேண்டும். கழுத்தோடு அவர் நிறுத்துவதில்லை. முடியை வகிர்ந்து தலைத்தோலைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார், அக்குளையும் தொடை இடுக்கையும் தடவுவார், கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்ப்பார். கட்டிக்காக வந்த குழந்தையின் வயிற்றை ஏன் பார்க்கிறார் என்று பெற்றோர் திகைக்க வேண்டியதில்லை.

பி.சி.ஜி. தடுப்பூசியும் காசநோயும்

காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் இடது மேற்கையில் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பிறகு, சில வாரங்களிலோ மாதங்களிலோ சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் கணு வீங்கும். குழந்தை நலமாக இருந்தால் இதற்கு மருந்து தேவையில்லை. சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். சீழ் கோத்தால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். இதற்காகக் காசநோய் மாத்திரை கொடுப்பதில்லை.

நம் நாட்டில் கணு வீக்கம் என்றால் காசநோயையும் மனதில் வைத்தே ஆக வேண்டும். கழுத்தில் 2 சென்டிமீட்டரைத் தாண்டிய, வலியில்லாத, ஒன்றோடொன்று ஒட்டிய கணுக்கள் இரண்டு வாரத்துக்கு மேலும் வடியாமல் இருந்தால் இந்தச் சந்தேகம் வரும். கூடவே மாலை நேரக் காய்ச்சல், எடைக் குறைவு, வீட்டில் இருமலோடு பெரியவர் ஒருவர் இருப்பது ஆகியவை அதை வலுப்படுத்தும். கணுவிலிருந்து மெல்லிய ஊசியால் எடுக்கும் துளியை நுண்ணோக்கியிலும், காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சி.பி.நாட் கருவியிலும் சோதிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனை, மருந்து இரண்டும் இலவசம். வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் சத்துணவுக்காக வழங்கப்படும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். சிகிச்சையின் நடுவே கணு சற்றுப் பெரிதாவது உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. நெறிக்கட்டியில் மட்டும் காசநோய் உள்ள குழந்தையிடமிருந்து அது பிறருக்குப் பரவுவதில்லை. நுரையீரல் காசநோய் உள்ள பெரியவரிடமிருந்தே குழந்தைக்கு வந்திருக்கும் என்பதால், வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும்.

புற்றுநோய் அச்சம்

ரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் கணு வீக்கமாக வெளிப்படுவது உண்மை. ஆனால் நெறிக்கட்டியோடு வரும் குழந்தைகளில் அவை மிகச் சிலருக்கே இருக்கும். அவை வரும்போது பெரும்பாலும் வேறு அடையாளங்களும் கூட வரும். குழந்தை வெளுத்துப் போவது, காரணமில்லாமல் உடலில் ரத்தக்கட்டு தோன்றுவது, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை இறங்குவது, கால் எலும்பு வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, படுத்தால் மூச்சு திணறுவது ஆகியவை முக்கியமானவை. இவற்றில் ஒன்று இருந்தாலும், கட்டி சிறிதாக இருந்தாலும், நாள் கடத்தக் கூடாது. குழந்தைகளின் இந்தப் புற்றுநோய்கள் உரிய காலத்தில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் குணமாகக்கூடியவை. சென்னை அடையாறில் 1954-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் உட்படத் தமிழகத்தில் இதற்கான மையங்கள் இருக்கின்றன.

காய்ச்சலோடு வந்தால்

ஐந்து நாளுக்கு மேல் கடும் காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, உடலில் தடிப்பு ஆகியவற்றோடு கழுத்தில் ஒரு பக்கம் கணு வீங்கினால் கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் இந்த நோய்க்கு முதல் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் தமிழகத்தில் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலில், உண்ணிப்பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கும், அதை அடுத்த கணுவில் வீக்கமும் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் பொருக்கு ஒளிந்திருக்கும் என்பதால் ஆடையைக் களைந்து தேட வேண்டும்.

காதுமடலுக்குக் கீழே கன்னமும் சேர்ந்து வீங்கினால் அது கணு அல்ல, பொன்னுக்கு வீங்கி. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் வைரஸ் தொற்று இது.

சோதனை, மருந்து, வீட்டுக் கவனிப்பு

சிறிய, மிருதுவான கணுவுக்கு முதல் சிகிச்சை காத்திருப்பதுதான். நான்கு முதல் ஆறு வாரத்தில் சுருங்காவிட்டாலோ, இரண்டு வாரமாக வளர்ந்துகொண்டே போனாலோ ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவை வரிசையாக வரும். சந்தேகம் வலுத்தால் கணுவை எடுத்துத் திசுப் பரிசோதனை செய்வார்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘ரியாக்டிவ்’ என்ற சொல் இருந்தால், தொற்றை எதிர்த்து வீங்கிய சாதாரணக் கணு என்று பொருள். வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் ‘மெசன்ட்ரிக் நோட்ஸ்’, அதாவது குடலைத் தாங்கும் சவ்வில் உள்ள கணுக்கள், என்று குறிப்பிட்டிருந்தால் அவையும் பெரும்பாலும் இத்தகையவையே. மருத்துவரிடம் காட்டாமல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம்.

வலியில்லாத சிறு கணுவுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வலித்துச் சிவந்த கட்டிக்கே அது தேவைப்படும். காரணம் தெரியும் முன் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது ஆபத்து. ரத்தப் புற்றுநோயின் அடையாளங்களைத் தற்காலிகமாக மறைத்து, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்திவிடும். சுண்ணாம்பைக் குழைத்துப் பற்றுப் போட்டால் குழந்தையின் மெல்லிய தோல் வெந்துபோகும்.

கணுவைத் தினமும் அழுத்திப் பார்ப்பதும் கூடாது. ஓயாமல் அழுத்தினால் குழந்தைக்கு வலிக்கும். நாளுக்கு நாள் மாற்றமும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வீட்டில் ஒருவரே பார்த்து, தேதி, இடம், அளவு மூன்றையும் எழுதி வைத்தால் போதும். மாதம் ஒரு முறை எடையையும் குறித்துக்கொள்ளலாம். எடையை அங்கன்வாடியிலேயே பார்த்துவிடலாம். ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்கிரமத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஒரு முறையும் பரிசோதிக்கிறது. அவர்களிடம் கட்டியைக் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104 தொலைபேசிச் சேவையும் உண்டு. எங்கே காட்டினாலும், எழுதி வைத்த அந்தக் குறிப்பைக் கையோடு கொண்டு போக வேண்டும். கட்டி வளர்கிறதா, சுருங்குகிறதா என்பதை மருத்துவருக்கு ஒரே பார்வையில் சொல்லிவிடுவது அதுதான்.