அக்காவின் அட்டவணையை ஏற்க மறுத்த கணினி

நான் தொண்டூழியம் செய்யும் துணைப்பாட வகுப்புகளுக்கு ஒவ்வொரு தவணையும் அட்டவணை போடுபவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா. யார், யாருக்கு, எந்த நேரத்தில் கற்பிப்பது என்று இரண்டு இரவுகள் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவார். பல்கலைக்கழகத்தில் கற்ற உகப்பாக்கப் பாடம் தந்த துணிச்சலில், “இம்முறை கணினியே போட்டுவிடும் அக்கா,” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்ன விதிகளைச் சமன்பாடுகளாக்கினேன். ஆசிரியர்கள் வகுப்புகளுக்கு இடையே சும்மா காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும் என்பது இலக்கு. மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியது. ஓர் அட்டவணைகூட வரவில்லை.

இத்தகைய மென்பொருள்களின் அடிப்படை, லண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஏல்சா லேண்ட், அலிசன் டோய்க் இருவரும் 1960ல் வெளியிட்ட முறை. சாத்தியங்களைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் அதிகபட்சம் எவ்வளவு நல்ல விடை கிடைக்கும் என்று மதிப்பிடும். கையில் இருக்கும் விடையை அந்தக் கிளையால் மிஞ்ச முடியாதென்றால், அதை வெட்டிவிடும். கையில் விடையே இல்லாதபோது எதனுடன் ஒப்பிட்டு வெட்டுவது?

அதனால் தொடக்க விடை ஒன்றை நாமே கொடுக்கலாம். குரோபி போன்ற மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. பாதியைத் தந்தால்கூட மீதியை நிரப்பிப் பார்க்கும். அக்காவோ, எதற்கும் இருக்கட்டும் என்று இந்தத் தவணைக்கும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்! அதை வாங்கி உள்ளிட்டேன்.

விதியை மீறுகிறது என்று மென்பொருள் நிராகரித்தது. தேடியதில் சிக்கல் ஒரே இடத்தில். அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் யாருக்கும் கூடாது என்றவர் அக்கா. அவர் தாளிலேயே ஓர் ஆசிரியருக்கு அப்படி இருந்தது.

“அது தவறில்லை தம்பி. அந்தப் பையன் இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். இதுவரை மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். இவரிடம்தான் வாய் திறந்து சந்தேகம் கேட்கிறான். கணிதம், அறிவியல் இரண்டையும் இவரே எடுக்கட்டும்.”

என் சமன்பாடுகளில் அந்தப் பையன் வெறும் எண். அவனையும் அந்த ஆசிரியரையும் சேர்த்தே வைக்கும்படி புதிய விதி எழுதினேன். அடுத்தடுத்த வகுப்புகளை அடியோடு தடுக்காமல், வந்தால் புள்ளி குறையும் என்று மாற்றினேன். இப்போது அக்காவின் தாள் ஏற்கப்பட்டது. சில நிமிடங்களில் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறைந்த அட்டவணையும் வந்தது.

அதுதான் ஆகச் சிறந்ததா என்பது தெரியாது. நல்ல தொடக்கம் தேடலைச் சுருக்கலாம். இதைவிடச் சிறந்தது இல்லை என்று நிரூபிப்பது தனி வேலை. நள்ளிரவு தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அக்கா அச்செடுத்த தாளைப் பார்த்துவிட்டு, பென்சிலால் இரண்டு இடங்களை மாற்றினார். ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.