செம்புக்குழாயும் சில சொட்டுத் தண்ணீரும்

அமெரிக்காவில் கொஞ்சம் பழைய வீடு ஒன்றின் சுவரைத் திறந்தால், மரச்சட்டங்களுக்கு நடுவே செம்புக்குழாய்கள் ஓடும். நம் ஊரில் செம்புக்குழாயைப் பற்றவைப்பவர் ஏ.சி. மெக்கானிக், அங்கே குளியலறைக்குத் தண்ணீர் வருவதே அதில்தான். பிளம்பர் கூலிக்குப் பயந்து தாங்களே டார்ச்சைக் கையில் எடுப்பவர்களும் உண்டு.

நெருப்பு வேலை சில நிமிடங்கள்தான். மெனக்கெடல் எல்லாம் அதற்கு முன்னால். வெட்டிய முனையில் நிற்கும் பிசிறைச் சுரண்ட வேண்டும். குழாயின் வெளிப்புறத்தையும், அது நுழையும் வளைவு இணைப்பான எல்போவின் உட்புறத்தையும் பளபளவென்று ஆகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு விரல் படக்கூடாது. ஃப்ளக்ஸ் பசையைக்கூட சிறு பிரஷ்ஷால்தான் தடவ வேண்டும். செம்பு சூடாகும்போது மேலே மறுபடி ஆக்சைடு படியாமல் காப்பது அந்தப் பசை.

குழாய்க்கும் எல்போவுக்கும் இடையே சுமார் 0.1 மி.மீ. இடைவெளி. பற்றவைக்கும் கம்பி உருகிய சால்டர், திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அதற்குள் தானே ஏறிவிடும், மேல்நோக்கிய இணைப்பாக இருந்தாலும். அதனால் தீயைக் கம்பிக்குக் காட்டக்கூடாது, எல்போவுக்குத்தான் காட்ட வேண்டும். கம்பியைத் தொட்டுப் பார்த்து, செம்பின் சூட்டிலேயே அது உருகினால் பதம் சரி. அரை அங்குலக் குழாய்க்கு அரை அங்குல நீளக் கம்பி போதும். சூடு மிஞ்சினால் ஃப்ளக்ஸ் கருகிப்போகும். கருகிய இடத்தில் சால்டர் ஒட்டாது.

முன்பு அந்தக் கம்பியில் பாதி வெள்ளீயம், பாதி காரீயம். 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, முழுதாக உருகும்வரை சற்று நேரம் குழைந்தே நிற்கும்; கைக்கு இதமான சரக்கு. ஆனால் காரீயம் குடிநீரில் இறங்கும். 1986-ல் அமெரிக்கா குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, சால்டரிலும் ஃப்ளக்ஸிலும் காரீயம் 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதன்பின் புழங்கும் வெள்ளீய-ஆன்டிமனிக் கம்பி 233 டிகிரியில் இளகி, 240-க்குள் ஓடிவிடும். பதம் பிடிக்க அவகாசம் குறைவு.

பலரையும் தோற்கடிப்பது தண்ணீர்தான். மெயின் வால்வை மூடினாலும் குழாயில் சொட்டு நிற்கும். அது இருக்கும்வரை செம்பு 100 டிகிரியைத் தாண்ட அடம்பிடிக்கும். ஆவி சால்டரைத் துளைத்துக்கொண்டு வரும். பழைய பிளம்பர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட்டை உருட்டிக் குழாய்க்குள் அடைப்பது. அது சொட்டை உறிஞ்சும். வேலை முடிந்து தண்ணீர் விட்டால் கரைந்து வெளியேறும். டேப் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றி வைக்க மறந்தால் பிரெட் அங்கே போய் உட்காரும். ஆவி போக வழியாக ஒரு டேப் திறந்தே இருக்க வேண்டும், இது கட்டாயம்.

சுவரே மரம் என்பதால் தீத்தடுப்புத் துணியும் தீயணைப்பானும் பக்கத்தில் வேண்டும். டார்ச்சை அணைத்த பிறகும் சட்டத்துக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம். உடனே கிளம்பிவிடக் கூடாது.

ஆறியதும் வால்வை மெல்லத் திறக்கலாம். சொட்டு விழுந்தால் மேலே இன்னும் கொஞ்சம் சால்டரை மெழுகுவது வீண். தண்ணீரை வடித்து, சூடாக்கிக் கழற்றி, உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.