நெஞ்சுப் படபடப்பும் நம் சாப்பாடும்

காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, உயிரே போயிடும்போல பயம் வருது என்று சிலர் சொல்வதுண்டு. நாமும் "காத்து கருப்பு" என்று கயிறு கட்டிவிட்டு இருந்துவிடுகிறோம். இதில் மூளைக்கும் பங்குண்டு. சாப்பாட்டுக்கும் கொஞ்சம் பங்குண்டு.

மூளையில் பயத்தை மட்டுப்படுத்த உதவும் பொருள்களில் ஒன்று செரோட்டோனின். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது உண்டாகிறது. டிரிப்டோபனை உடம்பு தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். மஞ்சளாற்று வாய்க்காலில் ஒரே மடைக்கு நாலு பேர் முந்துகிற மாதிரி, லூசின் போன்ற அமிலங்களும் அதே வழியில்தான் மூளைக்குள் போகின்றன. லூசின் மிகுந்தால் டிரிப்டோபன் பின்தங்கும்.

தக்காணத்தில் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் கண்டது. வெயில் பட்ட தோல் கருத்தது, மனமும் சோர்ந்தது. நியாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவால் வருவது இது. அந்தச் சத்தையும் உடம்பு டிரிப்டோபனிலிருந்து செய்துகொள்கிறது. சோளத்தில் மிகுந்துள்ள லூசின் இதைக் கெடுக்கிறது என்று ஐதராபாத்தில் டாக்டர் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் எழுதினார்கள்.

அதற்காகச் சோளத்தை ஒதுக்க வேண்டாம். பருப்பு, நிலக்கடலை, மோர், முட்டை சேர்த்துச் சாப்பிடுங்கள். விளைஞ்ச பயறு முழுவதையும் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

ஆனால் சாப்பாடு மட்டும் வைத்தியமாகாது. படபடப்பு அடிக்கடி வந்தால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். 14416-க்குப் போன் செய்தாலும் இலவச ஆலோசனை உண்டு. நெஞ்சுவலியும் சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.