ரசாயனம் செலுத்தும் பம்புகளில் அழுத்தக் கட்டுப்பாடு

சொட்டு நீர்ப் பாசனத்தில் உரக் கரைசலைக் குழாய்க்குள் செலுத்தவும், சாயச் சாலையின் கழிவு நீரில் அமிலமோ படிகாரக் கரைசலோ அளவாகக் கலக்கவும் டயாபிரம் பம்பு உபயோகிக்கப்படுகிறது. எனவே, விவசாயிகளும் நெசவாளர்களுமாகிய நம் அங்கத்தினர் இரு சாராருக்கும் இது பயன்படுவதே. ஆயினும் பம்பை வாங்கிவிட்டு, அதனுடன் அமைக்க வேண்டிய வால்வுகளை வீண் செலவென்று விட்டுவிடுவோர் உளர். அது ஏன் தகாது என்பதை இங்கு விளக்குவோம்.

கொல்லன் உலைத் துருத்தியை அனைவரும் அறிவோம். டயாபிரம் பம்பும் ஒருவகைத் துருத்தியே. அதனுள் ரப்பர் போன்ற பொருளாலான சவ்வு ஒன்று உண்டு. மோட்டார் அதனைப் பின்னுக்கு இழுக்கையில் தொட்டியிலுள்ள கரைசல் உள்ளே வருகிறது. முன்னுக்குத் தள்ளுகையில் வெளியேறுகிறது. வந்த வழியே திரும்பாதபடி இரு புறமும் ஒருவழி வால்வுகள் காக்கின்றன.

கிணற்று மேட்டிலுள்ள செண்டிரிபியூகல் பம்பின் வழியை மூடினால், அழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாது. மோட்டாரால் இயங்கும் டயாபிரம் பம்பு அத்தகையதன்று. வழி அடைபட்டாலும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். திரவம் சுருங்காதாகையால் அழுத்தம் நொடியில் உயர்ந்து, எந்தப் பாகம் பலவீனமோ அது உடையும். சவ்வு கிழியலாம், குழாய் இணைப்பு பிடுங்கிக்கொள்ளலாம். உள்ளிருப்பது அமிலமாயின், அருகில் நிற்கும் தொழிலாளியின் கண்ணுக்கே ஆபத்து.

இதனைத் தடுப்பது ரிலீப் வால்வு. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் அது திறந்து, கரைசலைத் தொட்டிக்கே திருப்பிவிடும். பம்புக்கும் இவ்வால்வுக்கும் இடையே மூடக்கூடிய வேறு வால்வு எதுவும் இருத்தலாகாது. திரும்பும் குழாயின் முனை, தொட்டியின் கரைசல் மட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியுமாறு இருத்தல் நலம். அங்கே கரைசல் விழுந்தால் வழியில் அடைப்பு உண்டென்று உணரலாம்.

அழுத்தம் மிகுவது போலவே குறைவதும் தீங்கு. தொட்டி மேட்டிலும் வயல் பள்ளத்திலும் இருந்தால், பம்பு நின்ற பின்னும் கரைசல் தானாகவே வழிந்தோடும், அளவு கெடும். பம்பின் வெளிவாயில் போதிய எதிர்ப்பை எப்பொழுதும் நிலைநிறுத்தி இதனைத் தடுப்பது எதிரழுத்த வால்வு.

மூன்றாவது, அதிர்வு தணிக்கும் கலம். பம்பு விட்டுவிட்டுத் தள்ளுவதால் ஏற்படும் துடிப்பை இதிலுள்ள காற்று ஏற்றுக்கொண்டு, ஓட்டத்தைச் சீராக்குகிறது. குழாயில் அழுத்தம் இல்லாதபொழுது, வேலை அழுத்தத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதத்துக்கு இதில் காற்று நிரப்புவது வழக்கம்.

ஓர் உதாரணம் கூறுவோம். குழாய் 6 கிலோ அழுத்தம் தாங்குவது. சொட்டுக் குழாயில் 1.5 கிலோ அழுத்தம் உள்ளது. பம்பின் வெளிவாயிலுள்ள அழுத்தமானி 2.5 கிலோ காட்டுமாறு எதிரழுத்த வால்வைத் திருகலாம். கலத்தில் 2 கிலோ காற்று நிரப்பலாம். ரிலீப் வால்வை 4 கிலோவில் திறக்குமாறு வைக்கலாம். பம்பு தாங்கும் அழுத்தமும் இந்த 4 கிலோவுக்கு மேற்பட்டதாதல் வேண்டும்.

மின்சாரம் நின்று கிணற்று மோட்டார் ஓய்ந்தால், குழாய் நீர் பின்வாங்கி உரக் கரைசலைக் கிணற்றுக்கே இழுத்துச் செல்லக் கூடும். ஆகவே பிரதானக் குழாயில், கரைசல் கலக்கும் இடத்துக்கு முன்னதாக, ஒருவழி வால்வு அவசியம். கிணற்று மோட்டார் ஓடினால் மட்டுமே கரைசல் பம்பும் ஓடுமாறு மின் இணைப்புத் தரவேண்டும்.

சாயக் கழிவு காரணமாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயச் சாலைகளை மூட உத்தரவிட்டதை அங்கத்தினர்கள் மறந்திரார். கழிவு நீரைச் சுத்திகரிக்கையில் ரசாயன அளவு தவறுவது சிறு காரியமன்று. பம்புக்கு விலைப்புள்ளி கேட்கும்பொழுதே இம்மூன்று சாதனங்களையும் அழுத்தமானியையும் சேர்த்துக் கேளுங்கள். மானி காட்டும் அளவை நாள்தோறும் பேரேட்டில் குறித்துவரச் செய்யுங்கள். சங்கத்தின் பணமும், ஊரின் கிணறும், தொழிலாளியின் கண்ணும் இதனால் காக்கப்படும்.