வீட்டுக்கு இணைய இணைப்பு: வேகத்தைக் கேட்கும் முன் வீட்டைப் பாருங்கள்

வெளிநாட்டில் வாழும் பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தொடர்பாடல் நிலையங்களின் வாங்குகளில் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று வீட்டு விறாந்தையில் இருந்தபடியே அப்பிள்ளையின் முகத்தைக் காண முடிகின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இன்று புத்தளத்திலும் யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலுமாகப் பிரிந்து வாழும் முஸ்லிம் குடும்பங்களின் நாளாந்த உறவைப் பேணித் தருவதும் இதே இணையமே.

ஆயினும் இணையம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரேயாகும். ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர்கள், அலைவரிசை கிடைக்கும் இடத்தைத் தேடிக் காட்டுவழியே மலையேறிச் சென்று பாடங்களைப் பெற்றனர் என்ற செய்தி 2021இல் உலகெங்கும் வெளியானது. வடமராட்சிக் கரையோரத்தின் சிக்கல் வேறு வகையானது. இங்கு அலைவரிசை வாசல்வரை வந்துவிடுகின்றது. பிள்ளை படிக்கும் மேசைவரை அது வருவதில்லை.

தொண்டைமானாறு இதற்கு நல்லதோர் உதாரணம். வடக்கே கடல், ஊரை ஊடறுத்து நீரேரி, இடையிடையே பனங்கூடல், சுண்ணாம்புக் கல்லால் கட்டிய தடித்த சுவர்களைக் கொண்ட பழைய வீடுகள். இவை ஒவ்வொன்றும் இணைப்பின் தரத்தைப் பாதிக்க வல்லவை. இவ்வூரின் பெயரைத் தமிழ்மொழி மூல உயர்தர மாணவர்கள் அனைவரும் அறியச் செய்தது இங்குள்ள வெளிக்கள நிலையமாகும். அதன் வினாத்தாள்களை ஏனைய மாவட்ட மாணவர்களும் இணையத்தில் தேடி எடுத்துப் படிக்கின்றனர். அத்தகைய ஊரின் மாணவர் ஒருவர் தம் வீட்டு அறையில் அதே வினாத்தாளைத் திறக்க முடியாமல் இருப்பாராயின், அது பெரும்பாலும் தெரிவில் நேர்ந்த பிழையே.

எந்த வழி உகந்தது?

வீட்டுக்கு இணையம் வரும் வழிகள் இன்று நான்கு. முதலாவது பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி. இதன் வேகம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வீடு உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீற்றருக்குள் 20 மெகாபிட் வரை தரக்கூடிய கம்பி, 5 கிலோமீற்றர் தொலைவில் அதில் சிறு பங்கையே தரும். கடற்காற்றின் உப்பு, கம்பியின் பொருத்துகளை அரித்து இரைச்சலையும் துண்டிப்பையும் ஏற்படுத்தும்.

இரண்டாவது ஒளியிழை. இதில் செல்வது மின்சாரமன்று, ஒளி. ஆதலால் தூரமும் உப்புக்காற்றும் இதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. உங்கள் ஒழுங்கைக்கு ஒளியிழை வந்திருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதுவே முதல் தெரிவாகும்.

மூன்றாவது, கோபுரத்திலிருந்து வரும் 4ஜி இணைப்பு. ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் ஆகிய நிறுவனங்கள் இதற்கென ரவுட்டர்களை வழங்குகின்றன. கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பது இதன் வசதி. ஆனால் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதியில் உள்ள அனைவரும் பங்கிட்டே பயன்படுத்துகின்றனர். இரவு 8 மணிக்கு வேகம் குறைவது இதனாலேயே. செல்வச்சந்நிதி முருகன் ஆலயப் பெருந்திருவிழாவில் அடியார்கள் பெருந்தொகையாகக் கூடும் நாட்களில் அதே கோபுரம் எத்தனை மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் நனைந்த ஓலைகளும் அலைகளை உறிஞ்சும்.

நான்காவது செய்மதி. ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. கம்பியும் கோபுரமும் எட்டாத இடங்களுக்கு இது பயன்தரும். எனினும் இதன் தட்டுக்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். தென்னைகள் சூழ்ந்த வளவில் அது எளிதன்று. கருவியின் விலையும் அதிகம்.

4ஜி இணைப்பை வாங்க எண்ணுபவர்கள் பணம் செலுத்துவதற்கு முன் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் சிம் அட்டையையும் கைத்தொலைபேசியில் இட்டு, வீட்டின் வெவ்வேறு இடங்களில், காலையிலும் இரவு 8 மணிக்கும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 30 மெகாபிட்டும் இரவில் 2 மெகாபிட்டும் காட்டும் இணைப்பை விட, எந்நேரமும் 8 மெகாபிட் தரும் இணைப்பே மாணவர் உள்ள வீட்டுக்கு உகந்தது.

வேகமும் அளவும்

விளம்பரத்தில் காணும் மெகாபிட் வேறு, கோப்பின் அளவைக் குறிக்கும் மெகாபைட் வேறு. 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். 16 மெகாபிட் இணைப்பு ஒரு செக்கனில் இறக்கித் தருவது 2 மெகாபைட் மாத்திரமே.

இக்கணக்கை அறிந்தால் பொதியின் அளவையும் தீர்மானிக்கலாம். செக்கனுக்கு 2 மெகாபிட் தேவைப்படும் காணொளி வகுப்பு, ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 900 மெகாபைட் செலவழிக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 54 கிகாபைட். பிள்ளைகள் இருவர் எனில் அது இருமடங்காகும். 40 கிகாபைட் பொதியை வாங்கும் குடும்பம், மாதத்தின் பிற்பகுதியில் மேலதிகப் பணம் செலுத்த நேர்வது இவ்வாறே.

பொதியின் மொத்த அளவில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படுத்தத்தக்கது என்பதையும் கேட்டறிய வேண்டும். பகலில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பங்கினால் பயனில்லை. குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகம் குறைக்கப்படுமா, வரிகள் சேர்த்து மாதக் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் அபராதம் உண்டா என்பனவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே.

வீட்டுக்குள் வரும் அலை

நல்ல இணைப்பு கிடைத்த பின்னரும், ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பதில் பாதிப் பயன் தங்கியிருக்கின்றது. ரவுட்டர் வெளியிடும் வைஃபை அலைகள் இருவகைப்படும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் செல்லும், சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது. தடித்த கற்சுவர் இரண்டைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். ஆகவே ரவுட்டர் உள்ள அறையில் 5 கிகாஹேர்ட்ஸையும், தூரத்து அறைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸையும் பயன்படுத்துவதே பொருத்தம்.

வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டரை வையுங்கள். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். உலோகம் அலையைத் தடுக்கும், நீர் அதனை உறிஞ்சும். 4ஜி ரவுட்டராயின், கோபுரத்தை நோக்கிய யன்னலருகே வைக்க வேண்டியிருக்கும். அதன் அமைப்புப் பக்கத்தில் எதிர்க்குறியுடன் ஓர் எண் காணப்படும். -80 என்றால் நன்று. -110 என்றால் பலவீனம். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து இடத்தை மாற்றலாம்.

படிக்கும் அறைக்கு அலை எட்டவில்லையெனில், வேகம் கூடிய பொதிக்கு மாறுவதால் பயனில்லை. அந்த அறைவரை ஒரு வலையமைப்புக் கம்பியை இழுத்து, முனையில் இரண்டாவது வைஃபை கருவியைப் பொருத்துவதே சிறந்த தீர்வு. கம்பியின்றி அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான கருவிகள் பலவற்றில் வேகம் பாதியாகிவிடும்.

மின்தடையையும் மனங்கொள்ள வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட் மின்னில் இயங்குபவை. அவற்றுக்கென விற்கப்படும் சிறு பற்றரிப் பெட்டி சில மணித்தியாலம் தாங்கும். ஆனால் இடி மின்னல் வேளையில் ரவுட்டரின் மின்னிணைப்பையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

பூட்டப்படாத கதவு

கடவுச்சொல் இல்லாத வைஃபை, பூட்டப்படாத கதவைப் போன்றது. வேறொருவர் உங்கள் இணைப்பினூடாகக் குற்றம் புரிந்தால், விசாரணை முதலில் வருவது இணைப்பின் உரிமையாளரிடமே. ரவுட்டருடன் வரும் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய டபிள்யூ.இ.பி. முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. விருந்தினருக்கும் அயலவருக்கும் கொடுக்க வேண்டியிருந்தால், ரவுட்டரிலுள்ள விருந்தினர் இணைப்பைத் தனியே திறந்து கொடுக்கலாம்.

சிறுவர் உள்ள வீடுகளில் தகாத தளங்களைத் தடுப்பதற்குக் கட்டணமற்ற வழியும் உண்டு. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய 1.1.1.3 என்ற முகவரியை ரவுட்டரின் டி.என்.எஸ். பகுதியில் இட்டால், அத்தகைய தளங்களில் பெரும்பாலானவை திறக்கமாட்டா. எனினும் பெற்றோரின் கவனத்துக்கு இது ஈடாகாது.

இத்தனைக்கும் பின்னர் சேவை உறுதியளித்தபடி அமையாவிடின், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அளந்து குறித்த வேகமும் நேரமும் அப்போது சான்றாக அமையும். தீர்வு கிட்டாதபோது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நாடலாம்.

மாதந்தோறும் செலுத்தும் இணையக் கட்டணம் பல குடும்பங்களுக்கு மின்கட்டணத்துக்கு ஈடான சுமையாகிவிட்டது. ஆகவே புதிய பொதிக்குக் கையொப்பமிடும் முன், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பிள்ளை படிக்கும் மேசையில் இருந்து இப்போதுள்ள வேகத்தை அளந்து பாருங்கள். ரவுட்டரின் அருகில் வேகமும் மேசையில் மந்தமும் காணப்பட்டால், மாற்ற வேண்டியது நிறுவனத்தையன்று, ரவுட்டரின் இடத்தையே. இரண்டு இடத்திலும் மந்தமாயின், அப்போது வேறு இணைப்பைத் தேடுவதே முறையாகும்.